லேப்டாப்பைக் கழற்ற மலிவான திருப்புளி செட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேம் கூட்ட, எஸ்எஸ்டி மாற்ற, பேட்டரி மாற்ற, விசிறியில் அடைந்த தூசியை எடுக்க. வீட்டில் லேப்டாப்பைத் திறப்பது பெரும்பாலும் இந்த நான்கு வேலைக்குத்தான். நான்குக்கும் தேவையான திருப்புளியை எப்படிப் பார்த்து வாங்குவது, வாங்கியதை எப்படிப் பிடிப்பது, எங்கே சொதப்பும் என்பதற்கான பதில்கள் இவை. விலைகள் இந்தியக் கடைகளை ஒட்டிய தோராயக் கணக்கு.

லேப்டாப்பைக் கழற்ற மொத்தம் எத்தனை பிட் தேவைப்படும்?

பிட் என்பது கைப்பிடியில் மாற்றி மாற்றி மாட்டும் முனை. பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்புகளுக்கு இரண்டே இரண்டு: பிஹெச்0, பிஹெச்00 (பிஹெச் என்றால் நாலு முனை ஃபிலிப்ஸ், எண் அதன் அளவு). கூடவே பிஹெச்1, டி5 (ஆறு முனை டார்க்ஸ்) இருந்தால் கையில் சிக்கும் மாடல்களில் பெரும்பங்கு முடிந்துவிடும். மேக்புக் என்றால் பி5 (ஐந்து இதழ் பென்டலோப்) சேரும்.

அப்படியானால் 60, 115 என்று எண் போட்டு விற்கும் பெட்டிகளில் மிச்சமெல்லாம் என்ன? 3.8, 4.5 மி.மீ. கேம்பிட் பழைய நின்டென்டோ கேம் பெட்டிகளுக்கானது. முக்கோணமும் இரட்டைப்பல்லும் பொம்மை, அடாப்டர் வகையறாவுக்கு. சின்ன அறுகோணங்கள் ட்ரோனுக்கும் ரிமோட் காருக்கும். லேப்டாப் மட்டுமே உங்கள் வேலை என்றால் இவை பெட்டியை விட்டு எழுந்திருக்கவே போவதில்லை. எண்ணிக்கைக்குக் கொடுக்கும் காசை அந்த நாலைந்து முனைகளின் தரத்துக்குக் கொடுங்கள். செட் வாங்கும்போது மனதில் வைக்க வேண்டியது இதுதான்.

என் லேப்டாப்பில் என்ன ஸ்க்ரூ இருக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கவிழ்த்து வைத்து, வெளிச்சத்தில், போனின் கேமராவை ஜூம் செய்து பாருங்கள். நான்கு கை கொண்ட கூட்டல் குறி என்றால் ஃபிலிப்ஸ். ஆறு முனை நட்சத்திரம் என்றால் டார்க்ஸ். ஐந்து இதழ் பூ என்றால் ஆப்பிளின் பென்டலோப்.

அடுத்து, மாடல் பெயரோடு சர்வீஸ் மேனுவலைத் தேடுங்கள். டெல், எச்பி, லெனோவோ மூவரும் பல மாடல்களுக்கு இதை இலவசமாகவே தருகிறார்கள். எந்த இடத்தில் எத்தனை ஸ்க்ரூ, என்ன அளவு என்பது அதில் இருக்கும். ‘எம்2×3’ என்று போட்டிருந்தால் மரையின் விட்டம் 2 மி.மீ., நீளம் 3 மி.மீ.

வெளியே தெரிவதை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். டெல் எக்ஸ்பிஎஸ் 13-இன் 9350, 9360 மாடல்களில் அடிமூடியில் எட்டு டி5 ஸ்க்ரூக்கள் கண்ணுக்குத் தெரியும். ஒன்பதாவது ஒரு ஃபிலிப்ஸ், நடுவில் பெயர் பொறித்த சின்ன மூடிக்குக் கீழே ஒளிந்திருக்கும். டி5 மட்டும் வாங்கி வந்தவர் அங்கே நின்றுவிடுவார். எச்பியின் பெவிலியன், என்வி வரிசைகளில் பல மாடல்களில் சில ஸ்க்ரூக்கள் ரப்பர் பட்டைக்கு அடியில் இருக்கும். ஃப்ரேம்வொர்க் லேப்டாப் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று டி5 திருப்புளியைப் பெட்டியிலேயே போட்டு அனுப்புகிறது.

கடையில் ‘ஸ்டார்’ கேட்டால் ஏன் தப்பானது வருகிறது?

நம் கடைகளில் நாலு முனை ஃபிலிப்ஸும் ‘ஸ்டார்’தான், ஆறு முனை டார்க்ஸும் ‘ஸ்டார்’தான். ‘லேப்டாப்புக்கு ஸ்டார் திருப்புளி’ என்று கேட்டால் பெரும்பாலும் ஃபிலிப்ஸ் கிடைக்கும், அதுவும் கதவு கீலுக்குப் போடும் பிஹெச்2 அளவில். ‘நாலு முனை, சைபர் சைஸ்’ என்றோ ‘ஆறு முனை, டி5’ என்றோ எண்ணோடு கேளுங்கள். போனில் ஸ்க்ரூவைப் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டுவது இன்னும் சுலபம். பெட்டிகளில் ஃபிலிப்ஸுக்கு வெறும் கூட்டல் குறியும், பென்டலோபுக்கு ஒரு நட்சத்திரப் படமும் அருகில் 0.8, 1.2, 1.5 என்ற எண்ணும் போட்டிருப்பார்கள். அதில் 1.2தான் மேக்புக்கின் பி5, 0.8 ஐபோனுக்கானது.

200 ரூபாய்க்குள் கிடைக்கும் 31 பிட் பெட்டி போதாதா?

ஒரே ஒரு லேப்டாப்பை, ஒருமுறை, அதுவும் இதற்கு முன் யாரும் கழற்றிக் கெடுக்காததாக இருந்தால், பல நேரம் போதும். அது வேலையே செய்யாது என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் அது தோற்கும்போது எப்படித் தோற்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதலாவது, முனை மென்மையான எஃகு. லேப்டாப் ஸ்க்ரூவின் பள்ளம் சின்னது. முனையின் நான்கு சிறகும் பள்ளத்தின் சுவரை மிகக் குறைந்த பரப்பில்தான் தொடுகின்றன. இறுகிப் போன பத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூக்களைத் திருகிய பிறகு சிறகின் விளிம்பு மழுங்கும். மழுங்கிய முனை பள்ளத்திலிருந்து மேலேறி வழுக்கும். வழுக்கும்போது ஸ்க்ரூவின் தலையையும் கூடவே செதுக்கிவிடும். கெட்டுப்போன பிட்டைத் தூக்கிப் போடலாம், ஸ்க்ரூவை அப்படிப் போட முடியாது.

இரண்டாவது, அச்சுப் பிசகு. பெட்டியில் பிஹெச்00 என்று இருக்கும். முனையின் நுனி கூராக இழுத்திருக்கும். கூரான நுனி பள்ளத்தின் அடியில் முட்டி நின்றுவிடுவதால் சிறகுகள் பக்கச் சுவரைத் தொடவே தொடாது. வலு முழுவதும் நுனியிலேயே போய்விடும்.

மூன்றாவது, பிட் நுழையும் துளை தளர்ந்திருக்கும். பிட் ஆடும், ஆடினால் சாயும், சாய்ந்தால் ஒரு பக்கச் சிறகு மட்டும் பிடிக்கும். மலிவுப் பெட்டியின் உண்மையான பலவீனம் எஃகைவிடக் கைப்பிடிதான் என்று கூடச் சொல்லலாம்.

பிட்டில் ‘சிஆர்-வி’, ‘எஸ்2’ என்று பொறித்திருக்கிறதே, என்ன வித்தியாசம்?

சிஆர்-வி என்பது குரோமியம், வனேடியம் கலந்த எஃகு. ஸ்பேனர், சாதாரணத் திருப்புளிகளுக்கு நல்ல பொருள். எஸ்2 அதிர்ச்சியைத் தாங்கவென்றே உருவான கருவி எஃகு. சரியாகப் பதப்படுத்தினால், உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60-ஐ ஒட்டிய கடினம் வரும். நுனி மழுங்காமல் நீண்ட நாள் நிற்கும். பிஹெச்00 போன்ற நுண்ணிய முனைக்கு எஸ்2தான் பொருத்தம்.

ஆனால் பொறித்திருப்பது வேறு, பதப்படுத்தியது வேறு. எஸ்2 என்று எழுத ஒரு அச்சுக்கட்டை போதும். ஆகவே எழுத்தைப் பார்த்துவிட்டு, முனையையும் பாருங்கள்.

கடையில் நின்றபடியே தரத்தை எப்படிச் சோதிப்பது?

ஒரு பழைய லேப்டாப் ஸ்க்ரூவைப் பையில் கொண்டு போங்கள். இல்லையென்றால் கடையில் கிடக்கும் பழைய லேப்டாப் ஒன்றைக் கேளுங்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பிட்டை ஸ்க்ரூவில் செருகி இடதும் வலதுமாக லேசாக ஆட்டிப் பாருங்கள். பொருந்திய முனையில் அசைவு மிகக் குறைவாக இருக்கும். பிட்டைக் கைப்பிடியில் மாட்டி நுனியை விரலால் தள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் வேண்டாம். கைப்பிடியின் உச்சியில் உள்ள மூடி தனியாகச் சுழல வேண்டும், கரகரக்கக் கூடாது. பிட்டின் நான்கு சிறகும் ஒரே தடிமனில் இருக்கிறதா, நுனி நடுவில் இருக்கிறதா என்பதைப் போன் கேமராவில் பார்த்தாலே தெரியும்.

இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் வசதி இருக்கும் இடத்தில் வாங்குங்கள். வந்த அன்றே சோதியுங்கள், பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து அல்ல.

எவ்வளவு செலவழிக்கலாம்?

ஒருமுறை வேலைக்கு: 200 ரூபாய்க்குள் ஒரு பெட்டி. அதோடு நல்ல பிராண்டில் தனியாக ஒரு பிஹெச்0 திருப்புளி வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்தில் காப்பாற்றுவது அதுதான்.

வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை திறப்பவர்களுக்கு: 500 முதல் 1,000 ரூபாய்க்குள், 4 மி.மீ. அறுகோண அடிப்பகுதி கொண்ட 24 முதல் 40 பிட் வரை உள்ள எஸ்2 செட். இந்த 4 மி.மீ. முக்கியம். நுண்வேலை பிட்டுகளுக்கு அதுவே பொது அளவு என்பதால் ஒரு பிஹெச்0 மழுங்கினால் வேறு பிராண்டின் பிட்டைத் தனியாக வாங்கி அதே கைப்பிடியில் போடலாம். 6.35 மி.மீ., அதாவது கால் அங்குல பிட்டுகள் மர வேலைக்கும் டிரில்லுக்கும் ஆனவை. லேப்டாப்பின் குழிக்குள் நுழையாது.

தெருவில் நாலு பேர் லேப்டாப்பும் உங்களிடம்தான் வருகிறது என்றால் ஐஃபிக்ஸிட், வீஹா, வேரா, ஜப்பானின் வெஸ்ஸல் மாதிரி பெயர்களைப் பார்க்கலாம். விலை ஏறும். முழு செட்டாக வாங்காமல் பிஹெச்0, பிஹெச்00, டி5 மூன்றை மட்டும் தனித்தனியாக வாங்கினால் செலவு கட்டுக்குள் நிற்கும்.

பிட் செட்டா, தனித் திருப்புளியா?

பழைய டெல், எச்பி மாடல்கள் சிலவற்றில் ஸ்க்ரூ ஆழமான குழிக்குள் இருக்கும். பிட் சின்னதாக இருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் கழுத்து பருமன். குழியின் வாயில் முட்டிக்கொள்ளும். தனித் திருப்புளியின் மெல்லிய தண்டு சுலபமாக இறங்கும். செட் வாங்குவதென்றால் அதில் நீட்டிப்புக் கம்பி மெலிதாக இருக்கிறதா என்று பாருங்கள். வளையும் ஸ்பிரிங் கம்பியால் இந்த வேலைக்குப் பயனில்லை. அழுத்தம் கொடுத்தால் அதுவே முறுக்கிக்கொள்ளும்.

மேக்புக்குக்கு எது?

ஆண்டைப் பொறுத்தது. 2012 வரை வந்த, ரெட்டினா (ஆப்பிளின் கூர்மையான திரை) இல்லாத 13 அங்குல மேக்புக் ப்ரோவின் அடிமூடியில் பத்து ஃபிலிப்ஸ் ஸ்க்ரூக்கள், பிஹெச்00 போதும். அதில் மூன்று நீளம், ஏழு குட்டை, இடம் மாற்றக் கூடாது. உள்ளே டி6 தேவைப்படும். பேட்டரியைப் பிடித்திருப்பது மூன்று கால் கொண்ட ‘ஒய்’ வகை.

2010 கடைசியில் வந்த மேக்புக் ஏர் தொடங்கி அடிமூடியில் பி5 பென்டலோப். 2013 முதல் 2017 வரையிலான 13 அங்குல ஏரில் பத்து ஸ்க்ரூக்கள். கீல் பக்கம் நடுவில் உள்ள இரண்டு மட்டும் நீளம். உள்ளே பெரும்பாலும் டி5. பி5 இல்லாமல் டி5-ஐ வைத்து அழுத்தித் திருகுகிறவர்கள் உண்டு. ஐந்து இதழில் ஆறு முனை பொருந்தாது. ஒரு சுற்று வந்தாலே இதழ்கள் உருண்டுபோகும்.

காந்த முனை எஸ்எஸ்டியைக் கெடுக்குமா?

கெடுக்காது. எஸ்எஸ்டியில் தகவல் மின்னூட்டமாகத்தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ளேயே திருப்புளியின் காந்தத்தைவிடப் பல மடங்கு வலுவான காந்தம் இருக்கிறது. காந்தம் இல்லாத திருப்புளிதான் ஆபத்து: நழுவிய ஸ்க்ரூ மதர்போர்டுக்கு அடியில் உருண்டு ஒளிந்துகொண்டு, பவர் கொடுத்ததும் ஷார்ட் ஆக்கும். காந்தம் குறைந்திருந்தால் பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் முனையை ஒரே திசையில் இருபது முறை தேயுங்கள்.

சின்ன மின் திருப்புளி வாங்கலாமா?

இறுக்கம் தளர்ந்த பிறகு கழற்ற வசதி. இறுக்க வேண்டாம், கடைசி அரைச்சுற்று எப்போதும் கையால்.

திருப்புளியைத் தவிர வேறென்ன வேண்டும்?

காலாவதியான ஏடிஎம் அட்டை அல்லது கிட்டார் பிக் இரண்டு, பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்று, நுனி வளைந்த இடுக்கி ஒன்று. மூடியைச் சுற்றி உள்ள பிளாஸ்டிக் கிளிப்புகளைத் தட்டைத் திருப்புளியால் நெம்பினால் விளிம்பில் பல் விழும், கிளிப்பும் உடையும். உலோகம் உள்ளே சறுக்கினால் பேட்டரியைக் குத்தும். செட்டோடு வரும் இரும்பு நெம்புகோலைத் தொடவே வேண்டாம்.

ஸ்க்ரூக்களை வைக்க இட்லித் தட்டு அருமையான பொருள். அதைவிட நல்லது ஒரு துண்டு தெர்மோகோல்: லேப்டாப்பின் அடிப்பக்கத்தை அதில் வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

கழற்றும் வரிசை என்ன?

சார்ஜரைப் பிடுங்குங்கள். விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். அப்போதுதான் முழுதாக அணையும். திங்க்பேட் பலவற்றில் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரை) உள்பேட்டரியை முடக்கும் தேர்வு இருக்கிறது, அதைச் செய்துவிடுங்கள். டிவிடி டிரைவ் உள்ள பழைய மாடல் என்றால் அதைப் பிடித்திருக்கும் ஒற்றை ஸ்க்ரூவை எடுத்து டிரைவை முதலில் வெளியே இழுங்கள். பல மாடல்களில் அந்தப் பள்ளத்துக்குள் இன்னும் இரண்டு மூன்று சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கும்.

பிறகு அடிமூடி ஸ்க்ரூக்கள். மூலைக்கு மூலை மாற்றி ஒவ்வொன்றையும் அரைச்சுற்று தளர்த்திவிட்டு, அப்புறம் முழுதாக எடுங்கள். சுற்றிக்கொண்டே இருந்தும் வெளியே வராத ஸ்க்ரூவைப் பிடித்து இழுக்காதீர்கள். திங்க்பேட், டெல் லாட்டிட்யூட் போன்றவற்றில் அவை மூடியோடே தங்கும் வகை. எல்லாம் கழன்றும் ஒரு மூலை வரவில்லை என்றால் ஸ்டிக்கரின் மேல் விரலால் தடவுங்கள். பள்ளம் தட்டுப்படும் இடத்தில் ஸ்க்ரூ இருக்கிறது.

மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. ரேமோ எஸ்எஸ்டியோ அதற்கு அப்புறம்தான். பேட்டரி உப்பியிருந்தால், அதாவது டச்பேட் மேலெழும்பியோ மூடி சரியாக மூடாமலோ இருந்தால், அதன் அருகே உலோகக் கருவி எதுவும் போகக் கூடாது.

ஹீட்சிங்க், அதாவது ப்ராசசரின் சூட்டைக் கடத்தும் உலோகப் பகுதியைக் கழற்றினால் அதன் ஸ்க்ரூக்கள் அருகே 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். மாட்டும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ் வரிசை. இடையில் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்காமல் திருப்பி மாட்டாதீர்கள்.

முதல் ஸ்க்ரூவே அசையவில்லை. ஏன்?

மரையில் நீலமாகவோ சிவப்பாகவோ ஒரு பூச்சு இருக்கும். அதிர்வில் கழலாமல் இருக்கக் கம்பெனியில் போடுவது. முதல் கால் சுற்றுக்குத்தான் அது அடம்பிடிக்கும். திருப்புளியை நேர்செங்குத்தாக நிறுத்தி, உள்ளங்கையால் நன்றாக அழுத்தியபடி மெதுவாகத் திருப்புங்கள். கையின் வலுவில் பெரும்பங்கு அழுத்தத்துக்குப் போக வேண்டும், திருப்புவதற்கு மிச்சம் போதும். அப்படியும் வரவில்லையென்றால் சாலிடரிங் இரும்பின் நுனியை ஸ்க்ரூ தலையில் ஐந்து விநாடி வைத்தால் பூச்சு இளகும். அதற்கு மேல் வைத்தால் பித்தளை மரையைப் பதித்திருக்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து இளகிவிடும்.

தலை வழுக்கிவிட்டது. இப்போது?

அதே பிட்டால் இன்னொரு முறை முயல்வதை உடனே நிறுத்துங்கள். ஒரு அளவு பெரிய ஃபிலிப்ஸை வைத்து, பள்ளத்தில் இறுக்கமாக அமர்கிறதா என்று பாருங்கள். அடுத்து, கிழிந்த கையுறையிலிருந்தோ பலூனிலிருந்தோ ஒரு மெல்லிய ரப்பர் துண்டை இடையில் வைத்து அழுத்தித் திருப்புங்கள். பள்ளம் வட்டமாகிவிட்டால், அதில் இறுக்கமாக இறங்கும் டார்க்ஸ் பிட் ஒன்றை லேசாகத் தட்டி இறக்கலாம். இங்கே மட்டும் செட்டின் உதிரி பிட்டுகளுக்கு வேலை வருகிறது. தலை வெளியே துருத்தியிருந்தால் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருப்புங்கள்.

கடைசி வழி தலையைத் துளையிட்டு எடுப்பது. மூடி மூடியிருக்கும் நிலையில் பேட்டரியைத் துண்டிக்க வழியில்லை என்பதால் அந்த ஸ்க்ரூவுக்கு அடியில் பேட்டரி இருக்கிறதா என்று சர்வீஸ் மேனுவலில் பார்க்காமல் டிரில்லைத் தொடாதீர்கள். இரும்புத் தூள் உள்ளே போகாமல் சுற்றிலும் டேப் ஒட்டுங்கள். தெரியவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோவதே மலிவு.

ஸ்க்ரூவை இடம் மாற்றிப் போட்டால் என்ன ஆகிவிடும்?

குட்டையான இடத்தில் நீளமானது போனால், கீபோர்டுப் பக்கம் ஒரு சின்ன மேடு எழும்பும். அதிர்ஷ்டம் கெட்டால் மதர்போர்டின் செம்புத் தடத்தை அறுத்துவிடும். நீளமான இடத்தில் குட்டையானது போனால் ஒன்றிரண்டு மரைதான் பிடிக்கும். கீல் பக்கமாக இருந்தால் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிடி இழுபட்டு, ஒருநாள் பித்தளை மரையோடு பிளாஸ்டிக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும்.

திருப்பி மாட்டும்போது ஸ்க்ரூவை வைத்து முதலில் இடப்பக்கமாக, கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். ‘டிக்’ என்று மரை விழும் உணர்வு வந்ததும் வலப்பக்கம் திருப்புங்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் பிடித்து, நின்ற இடத்தில் நிறுத்துங்கள்.

ஒரு ஸ்க்ரூ தொலைந்துவிட்டது. மேசைக் கணினி ஸ்க்ரூவைப் போடலாமா?

கூடாது. கேபினெட்டில் இருப்பது பெரும்பாலும் அங்குல அளவு மரை. லேப்டாப்பில் மில்லிமீட்டர் அளவான எம்2, எம்2.5, எம்3. எம்.2 எஸ்எஸ்டியைப் (பட்டை வடிவ எஸ்எஸ்டி; ஸ்க்ரூ அளவான எம்2 வேறு) பிடிக்கும் ஸ்க்ரூ பல லேப்டாப்புகளில் எம்2×3. இந்த அளவுகள் கலந்த லேப்டாப் ஸ்க்ரூ பெட்டி இணையத்தில் கிடைக்கும். சர்வீஸ் கடையில் கேட்டால் பழைய டப்பாவிலிருந்து ஒன்றைச் சும்மாவே தருவார்கள். பக்கத்து ஸ்க்ரூவைக் கையோடு கொண்டுபோய் நீளத்தை ஒப்பிட்டு வாங்குங்கள்.